நடுவரைத் திறந்து பார்க்கலாம்



ஒரே ஆட்டம். இருவர் ஆடினார்கள். போட்டியை நடத்திய சர்வர், சிவப்பு வென்றது என்று அறிவித்தது. அதே ஆட்டத்தைத் தன் மடிக்கணினியின் பிரவுசரில் மறுபடி ஓட்டிப் பார்த்த மாணவியின் திரையில் நீலம் வென்றது. நீலத்துக்கு ஆடியவர் அந்த மாணவிதான். தொடக்க நிலை ஒன்றே, இருவரும் செய்த நகர்வுகளும் ஒன்றே. தாயக்கட்டை உருட்டுவதோ சீட்டுக் கலைப்பதோ அந்த ஆட்டத்தில் கிடையாது. அப்படியிருந்தும் முடிவு இரண்டு.

நானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கி, நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்த ஆட்டத்தில் நடந்தது இது. அன்று அந்த மாணவி என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது புரிய வேண்டுமானால் முதலில் ஆட்டம் புரிய வேண்டும். இங்கே கணினி மாணவர்களும் இருக்கிறீர்கள், கணினியைத் தொட்டிராதவர்களும் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் பொதுவாக இந்தத் தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

தரையில் சதுரச் சதுரமாக ஓடு பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒருவர் நிற்கலாம், அல்லது அது காலியாக இருக்கலாம். எந்தச் சதுரத்தைச் சுற்றியும் எட்டு அண்டைச் சதுரங்கள். நான் கை தட்டும்போதெல்லாம் எல்லோரும் தங்கள் அண்டையை எண்ண வேண்டும். நிற்பவருக்கு அண்டையில் இரண்டு பேரோ மூன்று பேரோ இருந்தால் அவர் நிற்கலாம். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் விலகிவிட வேண்டும். காலிச் சதுரத்தைச் சுற்றிச் சரியாக மூன்று பேர் இருந்தால் அங்கே புதிதாக ஒருவர் பிறப்பார். யாரும் யாருக்கும் முந்தக் கூடாது. எல்லாம் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட அமைப்பைச் செல்லுலார் ஆட்டமேட்டன் என்கிறார்கள். கட்டத் தானியங்கி என்று நான் சொல்லிக்கொள்வேன். 1940களில் லாஸ் அலமாஸில் இருந்த ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நியூமனும் தொடங்கிய சிந்தனை இது. ஓர் இயந்திரம் தன்னைப் போலவே இன்னொன்றைப் படைக்க முடியுமா என்பது வான் நியூமனின் கேள்வி. முடியும் என்று காட்ட அவர் வகுத்த கட்டம் ஒவ்வொன்றுக்கும் 29 நிலைகள் இருந்தன. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜான் ஹார்ட்டன் கான்வே அதை உயிர், வெறுமை என்ற இரண்டே நிலைகளுக்குக் கொண்டுவந்தார். கோ ஆட்டப் பலகையில் காய்களை வைத்தும் எடுத்தும் விதவிதமான விதிகளைச் சோதித்து, இப்போது நான் சொன்ன விதியில் வந்து நின்றார். 1970 அக்டோபரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் எழுதியபோது ‘கேம் ஆஃப் லைஃப்’ என்ற பெயரில் உலகம் அதை அறிந்தது.

அந்தப் பத்தியில் ஒரு சவாலும் இருந்தது. எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகும் வடிவம் உண்டு என்றோ இல்லை என்றோ முதலில் நிறுவுபவருக்கு 50 டாலர் பரிசு. அடுத்த மாதமே எம்.ஐ.டி.யில் பில் காஸ்பரின் குழு பரிசை வென்றது. அவர்கள் கண்டுபிடித்தது ஒரு துப்பாக்கி: 30 தலைமுறைக்கு, அதாவது 30 கைதட்டலுக்கு, ஒருமுறை ஒரு கிளைடரை உமிழ்ந்துகொண்டே இருக்கும் அமைப்பு. கிளைடர் என்பது ஐந்தே உயிர்க்கட்டங்களால் ஆன சின்னஞ்சிறு வடிவம். நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் வீதம் மூலைவாட்டில் நகரும். அதை நகர்த்துபவர் யாருமில்லை. பிறப்பும் இறப்பும் மட்டுமே நடக்கின்றன. நம் கண்ணுக்கு ஒரு பொருள் ஊர்ந்து போகிறது. முதன்முதலாக அதை நான் பார்த்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் திரையில். இன்றும் பார்க்கும்போது அதே வியப்புதான்.

கான்வேயின் ஆட்டத்தில் ஆடுபவர் கிடையாது. தொடக்க நிலையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதைப் போட்டியாக்குவது எப்படி? நிறம் கொடுத்தால் போதும். டான் வுட்ஸ் வகுத்த ‘இமிக்ரேஷன்’ என்ற வடிவத்தில் உயிர்க்கட்டங்களுக்கு இரண்டு நிறங்கள். பிறப்பு, இறப்பு விதியில் மாற்றமே இல்லை. புதிதாகப் பிறக்கும் கட்டம், தன் மூன்று பெற்றோரில் பெரும்பான்மையினரின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். இதில் ஓர் அழகு இருக்கிறது. மூன்று ஒற்றைப்படை எண். ஆகவே இரண்டு நிறங்களுக்கிடையே சமன் என்ற பேச்சே வராது. இரண்டுக்கு ஒன்று, அல்லது மூன்றுக்குச் சுழியம். பிறப்புக்கு நான்கு பெற்றோர் வேண்டுமென்று விதி இருந்திருந்தால் ஒவ்வொரு சமனுக்கும் காசு சுண்டிப் போட வேண்டியிருக்கும். காசு சுண்டினால் சந்தேகம் கூடவே வரும்.

எங்கள் ஆட்டம் இந்த விதியின் மேல் எழுந்தது. 64க்கு 64 பலகை. மேல்பாதி சிவப்புக்கு, கீழ்ப்பாதி நீலத்துக்கு. 50 தலைமுறைக்கு ஒருமுறை ஆட்டம் நிற்கும். அப்போது இருவரும் தத்தம் பாதியில் ஐந்து கட்டங்கள் வரை உயிரூட்டலாம். ஐந்து, ஏனென்றால் ஒரு கிளைடருக்கு ஐந்து வேண்டும். 1,000 தலைமுறை முடிந்ததும் எவர் நிறம் அதிகமோ அவருக்கு வெற்றி. இடையிடையே உயிரூட்ட விடாமல் முதலில் ஒருமுறை ஆடிப் பார்த்தோம். பாதி ஆட்டத்துக்குள் பலகை அடங்கிப்போய், நகராத சதுரங்களும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் மூன்று கட்டக் கோடுகளும் மட்டும் மிஞ்சின. பார்ப்பவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

பலகைக்கு ஓரம் வேண்டுமா என்பதில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஓரத்தைச் சுவராக்கினால், போகிற கிளைடரெல்லாம் சுவரில் மோதி உடையும். சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்கு அது இலவசக் காவல். கடைசியில் பலகையை வளையமாக்கினோம். மேல் ஓரம் தாண்டினால் கீழிருந்து வரலாம், இடப்பக்கம் தாண்டினால் வலப்பக்கத்திலிருந்து வரலாம். வழியில் தடையில்லாமல் போகும் கிளைடர் 256 தலைமுறையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இந்த வளையத்தால் இரண்டு எல்லைகள் உண்டாயின: பலகையின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. ஒன்று முன்வாசல், மற்றது பின்வாசல். நடுவில் மட்டும் காவல் வைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்து போட்டவர்கள் பலர் தோற்றார்கள். அந்த வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அங்கே வருவோம்.

இனி, திறந்த மூலம். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். திறந்த மூலம் என்றதும் பெரும்பாலும் நினைவுக்கு வருவது விலையின்மை, பகிர்வு, நல்ல மனம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வகை ஆட்டத்தில் நிரலைத் திறந்து வைப்பது நல்ல மனத்தால் செய்கிற கூடுதல் உபகாரம் அல்ல. அது இல்லாவிட்டால் போட்டியே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வையும் இரு ஆட்டக்காரர்களும் கண்ணால் பார்க்கிறார்கள். யானை மூலைவாட்டில் நகர்ந்தால் சிறுவன்கூடக் கையைப் பிடிப்பான். நம் ஆட்டத்திலோ ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் செய்வது மொத்தம் இருபது சிறு நகர்வுகள். மற்றதெல்லாம், அதாவது 4,096 கட்டங்களில் 1,000 முறை நடக்கும் பிறப்பு இறப்பெல்லாம், நடுவரான நிரல் செய்வது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட தீர்ப்புகள். எந்த மனிதரும் அதைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. குறுக்குவழிக் கணக்கும் கிடையாது. எல்லையற்ற பலகையில் கான்வேயின் விதி எந்தக் கணினியாகவும் இயங்க வல்லது; 1982இல் பெர்லகேம்ப், கான்வே, கை மூவரும் தங்கள் நூலில் அதை விளக்கினார்கள். பொதுவாக இதன் பொருள், முடிவை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். நடுவரைச் சரிபார்க்க ஒரே வழி, அதே நடுவரை உங்கள் வீட்டில் இன்னொரு முறை ஓட்டுவது. நடுவரின் நிரல் என் பெட்டிக்குள் பூட்டியிருந்தால், நான் சொன்னதுதான் முடிவு. அதற்குப் பெயர் போட்டி அல்ல.

இதை எங்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1984 மே மாத சயன்டிஃபிக் அமெரிக்கனில் ஏ. கே. டியூட்னி ‘கோர் வார்’ என்ற ஆட்டத்தை அறிமுகம் செய்தார். அது கட்டத் தானியங்கி அல்ல, ஒன்றுவிட்ட உறவு. வட்டமாகச் சுற்றி வரும் ஒரு நினைவகத்தில் இரண்டு நிரல்கள் மாறி மாறி ஓடி ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். அதில் ‘இம்ப்’ என்றொரு வீரன் உண்டு. ஒரே ஒரு கட்டளைதான்: தன்னை அடுத்த முகவரிக்கு நகலெடு. அதைச் செய்தே நினைவகம் முழுக்க நடந்துவிடும். ஆட்டம் பரவியதும், ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு விதமாக விதி புரிந்துகொள்ளப்பட்டது. ஆட்டக்காரர்கள் தரநிலை ஒன்றை எழுதினார்கள், பிறகு திருத்தினார்கள். 1994 வரைவில் அவர்கள் செய்ததுதான் எனக்கு வழிகாட்டி. விதிகளைச் சொற்களால் மட்டும் விளக்காமல், அந்த விதிகளைச் செயல்படுத்தும் சி மொழி நிரலையும் ஆவணத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். வாசகம் குழப்பினால் நிரலைப் படிக்கலாம்.

நம் வீடுகளிலும் இது தெரிந்த சங்கதிதான். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காய் என்பார் ஒருவர், ஆறு என்பார் இன்னொருவர். நான்கு சேர்ந்தால் பசு, அதை யார் எடுப்பது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. திண்ணையில் ஆடும்போது இந்த வேறுபாடு ஆட்டத்துக்குச் சுவை கூட்டும். இரண்டு ஊர்க்காரர்கள் பந்தயம் வைத்து ஆட உட்கார்ந்தால், முதல் காயை எடுக்கும் முன் விதியைப் பேசி முடிக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு வருகிறேன். அப்போது எங்களிடம் இரண்டு நிரல்கள் இருந்தன. சர்வரில் ஓடும் நடுவர் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. ஆட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டும் பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டில். இரண்டும் ஒரே விதியைச் செய்வதாகத்தான் நாங்கள் நம்பினோம். தன் திரையில் வெற்றியைப் பார்த்த அவர் எங்களுக்குப் புகார் எழுதியிருக்கலாம், கோபப்பட்டிருந்தாலும் நியாயம்தான். அவர் இரண்டு நிரல்களையும் இறக்கிக்கொண்டார். 500ஆம் தலைமுறையில் இரண்டின் பலகைகளையும் ஒப்பிட்டார், வேறுபட்டன. 250இல் ஒப்பிட்டார், ஒன்றாக இருந்தன. 375இல் வேறுபட்டன. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 1,000 தலைமுறையில் முதல் பிளவைப் பிடிக்கப் பத்து ஒப்பீடு போதும். பிடித்தார். சிவப்பின் கிளைடர் ஒன்று மேல் ஓரத்தைத் தாண்டும் கணம் அது. அந்தப் பின்வாசல்.

பிழை ஒரே வரியில் இருந்தது. வளையப் பலகையில் முதல் வரிசையின் எண் சுழியம். அதற்கு மேலே உள்ள வரிசையைக் காண, எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 64ஆல் வகுத்து மீதியை எடுக்கிறோம். மைனஸ் ஒன்றை 64ஆல் வகுத்தால் மீதி என்ன? பைத்தான் 63 என்கிறது: கடைசி வரிசை, நமக்கு வேண்டிய விடை. ஜாவாஸ்கிரிப்ட் மைனஸ் ஒன்று என்றே சொல்கிறது. கணிதத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. மொழிகளை வகுத்தவர்கள் வேறு வேறு வழக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள். விளைவு, பிரவுசரில் முதல் வரிசைக்கு மேலே எதுவுமே தெரியவில்லை. இல்லாத இடத்தைத் தேடி, காலி என்று எண்ணியது. கடைசி வரிசையோ முதல் வரிசையைச் சரியாகவே பார்த்தது. ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடி போல ஓரம் நின்றது. சர்வரில் அந்தக் கிளைடர் ஓரத்தைத் தாண்டிக் கீழிருந்து வந்து நீலத்தின் கூட்டத்தை உடைத்தது. பிரவுசரில் அது ஓரத்திலேயே சிதைந்தது.

ஆகவே சர்வர்தான் சரி. அந்த மாணவி நிரூபித்தது தன் தோல்வியை. வகுக்கும் முன் 64ஐக் கூட்டிக்கொள்ளும் திருத்தத்தை எழுதி, ஏன் அது வேண்டும் என்று நான்கு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பினார். எங்கள் மூவரையும் தவிர வேறொருவரின் கை அந்த நிரலில் பட்டது அதுதான் முதல் தடவை. நிரல் பூட்டியிருந்தால் அவரிடம் மிஞ்சியிருக்கக்கூடியது சந்தேகம் ஒன்றுதான். அதை எந்தப் பதிலாலும் நாங்கள் தீர்த்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு அமைப்பையே மாற்றினோம். மாணவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நடுவர் நிரல் மிகச் சிறியது, மெதுவானது, வேண்டுமென்றே அப்படி. புத்திசாலித்தனமான உத்தி எதுவும் அதில் இல்லை. முதலாண்டு மாணவர் ஒரு மாலைப் பொழுதில் படித்து முடிக்கலாம். வேகம் வேண்டுமென்றால் வேறு நிரல் எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். பலகை 64 கட்ட அகலம் என்பதால் ஒரு வரிசை முழுவதும் 64 பிட் கொண்ட ஒரே எண்ணுக்குள் அடங்கும். உயிருக்கு ஓர் எண், நிறத்துக்கு ஓர் எண். ஒரு வரிசையின் 64 கட்டங்களுக்கும் அண்டையை ஒரே சமயத்தில் எண்ணலாம். ஆனால் அந்த வேகக்காரர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். மெதுவான நடுவரோடு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒத்துப்போகிறாரா என்று மட்டுமே அவரைச் சோதிப்போம்.

இன்னொரு சோதனையை அன்றே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. பலகையை 180 பாகை திருப்பி, நிறங்களை இடம் மாற்றினால், முடிவும் அப்படியே இடம் மாற வேண்டும். சிவப்புக்கென்றோ மேல்பாதிக்கென்றோ விதியில் தனிச் சலுகை எதுவும் இல்லையே. இருவரும் ஒன்றுக்கொன்று திருப்பிய அதே வடிவங்களை வைத்தால் ஆட்டம் சமனில்தான் முடிய வேண்டும். பிரவுசர் நிரலை இந்தச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். அதன் மேல் ஓரம் குருடு, கீழ் ஓரம் குருடில்லை. இப்போது ஆயிரக்கணக்கான தற்செயல் தொடக்கங்களில் இந்தச் சோதனை ஓடுகிறது.

ஆடுபவர் மனிதராக இருக்கலாம், அவர் எழுதிய நிரலாகவும் இருக்கலாம். நிரல் என்றால், பலகையை ஒரு வரியாக வாசித்து நகர்வை ஒரு வரியாக எழுதத் தெரிந்தால் போதும். எந்த மொழியிலும் எழுதலாம். ஊர் பேர் தெரியாதவர்களின் நிரலை நம் சர்வரில் ஓட்டுவதால் இணையத்தையும் கோப்புகளையும் அது தொட முடியாதபடி தனிக் கூண்டில் அடைத்தே ஓட்ட வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் கூடாது. யோசிக்க ஒரு வினாடி தருகிறோம். இங்கே ஒரு சிக்கல். ஒரு வினாடி என்பது இன்றைய சர்வரில் ஒன்று, நாளைய சர்வரில் வேறொன்று; அதே நிரல் அடுத்த முறை வேறு நகர்வைச் சொல்லக்கூடும். எனவே ஆட்டத்தின் பதிவு என்பது ஆடிய நிரல்கள் அல்ல, அவை செய்த நகர்வுகள் மட்டுமே. நகர்வுக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு இரண்டு பைட், இருவருக்கும் இருபது முறை: மொத்தம் 400 பைட். ஒவ்வொரு தலைமுறையின் பலகையையும் சேமித்தால் ஒரு மெகாபைட் வரும். அந்த 400 பைட்டும் விதியின் பதிப்பு எண்ணும் இருந்தால், இருபது வருடம் கழித்தும் ஒருவர் அதே ஆட்டத்தை எழுப்பலாம். விதியை மாற்றினால் புதிய எண் கொடுக்கிறோம். பழைய ஆட்டங்கள் பழைய எண்ணோடு பத்திரமாக இருக்கும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. நிரலை இணையத்தில் போட்டுவிட்டால் அது திறந்த மூலம் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆகாது. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. எழுதியவர் உரிமம் தராதவரை மற்றவர் அதை நகலெடுத்து மாற்றி வெளியிட முடியாது. ஆட்டத்தின் விதி என்ற கருத்துக்கு அப்படி உரிமை கிடையாது, கான்வேயின் விதி எல்லோருக்கும் பொது. அதை எழுதிய நிரலுக்கு உண்டு. ஆகவே நிரலை வைக்கும் களஞ்சியத்தில் முதல் கோப்பாக உரிமத்தை வையுங்கள்.

எந்த உரிமம்? நாங்கள் இரண்டைத் தேர்ந்தோம். ஆட்டக்காரர்கள் எடுத்துத் தொடங்க வேண்டிய மாதிரி நிரல்களுக்கு எம்.ஐ.டி. உரிமம், பெயரையும் உரிம வாசகத்தையும் விடாமல் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நடுவருக்கு மட்டும் அஃபெரோ ஜி.பி.எல். காரணம் இது. சாதாரண ஜி.பி.எல். உரிமத்தில், நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் மூலத்தையும் கொடுக்க வேண்டிய கடமை. ஒருவர் நடுவரை மாற்றித் தன் சர்வரில் மட்டும் ஓட்டினால், அவர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, கடமையும் இல்லை. 2007இல் வந்த அஃபெரோ மூன்றாம் பதிப்பு அந்த ஓட்டையை அடைக்கிறது: மாற்றிய நிரலை வலை வழியே பயன்படுத்துபவர்களுக்கும் அதன் மூலத்தைத் தர வேண்டும். வேறொருவர் எங்கள் நடுவரை மாற்றிப் போட்டி நடத்தட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் தோற்றவர் திறந்து பார்க்கும் உரிமையும் அந்த நடுவரோடு கூடவே போக வேண்டும்.

பங்களிக்க விரும்புகிறவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. விதி ஆவணத்தின் தமிழ் வடிவத்தில் இறுதி இரண்டு பகுதிகள் எழுதப்படவில்லை. நான்கு நிறங்களில் ஆடும் வடிவத்துக்கு விதி தயார், சோதனைகள் இல்லை. மூன்று பெற்றோரும் மூன்று நிறமாக இருந்தால் பிறப்பது நான்காவது நிறம் என்பது அதன் சிறப்பு. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்குச் சிவப்பையும் நீலத்தையும் கோட்டாலும் புள்ளியாலும் வேறுபடுத்திக் காட்டும் திரை வேண்டும். இவை எதற்கும் மேதைமை தேவையில்லை, பொறுமை வேண்டும்.

அந்த மாணவி தோற்ற ஆட்டத்தின் 400 பைட் இன்றும் களஞ்சியத்தில் இருக்கிறது, சோதனைகளின் வரிசையில் முதலாவதாக. யார் எந்த மாற்றத்தை அனுப்பினாலும், அது நிரலில் சேரும் முன் அந்த ஆட்டம் ஒருமுறை முழுதாக ஓடும். கிளைடர் மேல் ஓரத்தைத் தாண்டி, கீழிருந்து வந்து, நீலத்தின் கூட்டத்தை உடைக்க வேண்டும். உடைத்தால்தான் மாற்றம் உள்ளே வரும்.